பெரிய மரத்துக்கு என்ன ஆச்சு? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஆலோ அரசோ வேம்போ, ஒரு பெரிய மரம் வாட ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்பது "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். அது என்ன மரம்? கடந்த சில ஆண்டுகளில் அதன் காலடியில் என்ன நடந்தது? இந்த இரண்டும் தெரிந்தாலே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். பெரிய மரங்களின் கோளாறு பெரும்பாலும் வேரில் தொடங்கி உச்சியில்தான் வெளியே தெரிகிறது. உச்சியை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கிடைக்காது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மரத்தில் தெரிவதை மட்டும் எடுத்துப் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

மரம் திடீரென்று சாய்ந்திருக்கிறது

சாய்ந்த மரமெல்லாம் ஆபத்தானது கிடையாது. இளமையிலேயே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்த மரம், பிறகு மேல்பகுதியை நிமிர்த்திக்கொண்டு வளைவாக நிற்கும். அது பழைய சாய்வு. அடிமரத்திலிருந்து உச்சிவரை ஒரே நேர்கோட்டில் சாய்ந்திருந்தால் அது புதிய சாய்வு. உடனே சாய்வுக்கு எதிர்ப்பக்கம் போய்த் தரையைப் பாருங்கள். மண்ணில் பிளவு, மேடாகத் தூக்கிய தரை, அறுந்த வேர் ஏதாவது தெரிந்தால் மரம் விழும் நிலையில் இருக்கிறது என்று பொருள். கீழே வண்டி நிறுத்தவோ ஆட்கள் நிற்கவோ விடாதீர்கள். மரம் வெட்டத் தெரிந்த, ஏறுவதற்கான கயிறு, பாதுகாப்புச் சாதனங்கள் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். கம்பி கட்டி இழுத்து நிமிர்த்தும் வேலையெல்லாம் சிறு கன்றுக்குத்தான் பொருந்தும்.

மழை ஊறிய மண்ணில், காற்று அடிக்கும்போது மரத்தடி மண் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கினால் அதுவும் இதே அவசரம்தான்.

என்ன மரம் என்றே தெரியவில்லை

தப்பான பெயர் தெரிந்தால் தப்பான வைத்தியம்தான் நடக்கும். அடிக்கடி குழம்பும் சில இணைகளை மட்டும் சொல்கிறேன்.

அரசும் பூவரசும்: இரண்டுக்கும் இதய வடிவ இலை. அரச இலையின் நுனி வால் மாதிரி நீண்டிருக்கும், காம்பு நீளமாக மெல்லியதாக இருப்பதால் லேசான காற்றுக்கே படபடக்கும், கிள்ளினால் பால் வரும். பூவரசில் அந்த வால் கிடையாது, வெள்ளைப் பாலும் வராது. மஞ்சள் பூ பூத்து, வாடும்போது சிவந்துவிடும்.

வேம்பும் மலைவேம்பும்: வேம்பின் கூட்டிலையில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் அரம்போன்ற ஓரத்தோடு, ஒருபக்கம் கோணி அரிவாள்போல வளைந்திருக்கும். மலைவேம்பில் ஈர்க்கு கிளை பிரிந்து, அந்தக் கிளையில்தான் சிற்றிலைகள் இருக்கும்.

வாகையும் தூங்குமூஞ்சியும்: வாகை நம் மண்ணின் மரம், தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வாகைப் பூ வெளிர்பச்சை கலந்த வெண்மை, காய் தட்டையாக வைக்கோல் நிறத்தில் காகிதம்போல் காய்ந்து காற்றில் சலசலக்கும். தூங்குமூஞ்சியின் பூ இளஞ்சிவப்பு, காய் தடித்துக் கறுப்பாக, உள்ளே பிசுபிசுப்பான சதையோடு இருக்கும்.

நீர்மருதுக்கு வழவழப்பான வெளிர்சாம்பல் பட்டை. அது தகடு தகடாக உரியும். இலையடியில் காம்பு சேரும் இடத்தில் இரண்டு சிறிய முடிச்சுகள் தட்டுப்படும், காயில் ஐந்து சிறகுகள் இருக்கும். கருமருதின் பட்டையோ முதலைத் தோல்தான், அப்படி ஆழமாக வெடித்திருக்கும். நாவல் இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தை ஒட்டி ஒரு நரம்பு சுற்றி ஓடுவது தெரியும், கசக்கினால் டர்பன்டைன் வாசனை அடிக்கும். இலுப்பையின் இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் குவிந்திருக்கும், காம்பை ஒடித்தால் பால் கசியும்.

இலையை மட்டும் நம்ப வேண்டாம். பட்டை, பால், காய் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தவறு நேர்வது அரிது.

மொத்த இலையும் கொட்டிவிட்டது

எந்த மாதம் என்று முதலில் சொல்லுங்கள். பிப்ரவரி, மார்ச் என்றால் அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. வேம்பு, அரசு, புங்கன் எல்லாம் அந்தச் சமயத்தில்தான் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் துளிர் விடும். வாகை வெறும் காய்களோடு மொட்டையாக நிற்கும், முள்ளிலவு இலையே இல்லாமல் சிவப்பாகப் பூக்கும். இந்த நேரத்தில் பயந்துபோய் வெட்டிச் சாய்க்கப்பட்ட நல்ல மரங்கள் எத்தனையோ. ஆலும் நாவலும் அப்படி முழுக்க மொட்டையாகும் வழக்கம் இல்லாதவை. அவை மொட்டையானால் கவலைப்படலாம்.

சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை. பென்சில் பருமனுள்ள சுள்ளியின் மேல்தோலை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, பொடியாக உதிர்ந்தால் அந்த இடம் செத்துவிட்டது. நுனியில் செத்திருந்தால் ஒரு முழம் கீழே வந்து மறுபடி சுரண்டிப் பாருங்கள். பச்சை எங்கே தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் பாதிப்பு எவ்வளவு என்று சொல்ல முடியும். நாலு திசைக் கிளையிலும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் அந்தப் பக்கத்து வேரை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

புழுக்கள் தின்று இலை போயிருந்தால் தரையில் கறுப்பு மிளகுபோல எச்சம் கொட்டிக் கிடக்கும். நன்றாக இருக்கும் மரம் ஒருமுறை இலையை இழந்தால் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். தண்ணீர் விட்டால் போதும்.

வேம்பின் நுனிகள் மட்டும் தீயில் கருகியதுபோல் இருக்கின்றன

மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலத்தில் கண்ணை உறுத்தும் இந்தக் காட்சி, இப்போது தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் பலருக்குப் பழக்கமானது. மரம் முழுக்க இளங்கிளை நுனிகள் பழுப்பாகித் தொங்கும், உள்பக்கத்து இலைகள் பச்சையாகவே இருக்கும். இரண்டு பேர் கைகோத்துச் செய்யும் வேலை இது. தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சுகிறது. போமாப்சிஸ் என்ற பூஞ்சை கொழுந்தைக் காயவைக்கிறது. பெயரில்தான் கொசு, உண்மையில் அது ஒரு நாவாய்ப்பூச்சி.

பார்க்கப் பயமாக இருந்தாலும் இதனால் மட்டும் பெரிய வேம்பு செத்துப்போவது குறைவு. கோடை தொடங்கும்போது பெரும்பாலான மரங்கள் கருகிய நுனிக்குக் கீழிருந்து மறுபடி துளிர்க்கின்றன. அந்த ஆண்டு பூவும் பழமும் குறையும். சிறிய மரமாக இருந்தால், மழை ஓய்ந்த வறண்ட நாளில், காய்ந்த பகுதிக்குக் கொஞ்சம் கீழே பச்சையில் வெட்டி, வெட்டியதை அங்கேயே போட்டு வைக்காமல் எரித்துவிடலாம். பெரிய மரத்தில் எட்டாத உயரத்துக்கு மருந்து பீய்ச்சி அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதி மருந்து காற்றில் போய் அக்கம்பக்கத்து வீடுகளிலும் கிணற்றிலும் விழும், தேனீக்களும் சாகும். முந்தைய பகுதியில் சொன்ன சுரண்டல் சோதனையைச் செய்து மார்ச் வரை பொறுத்திருங்கள். வெட்டுவதா என்ற முடிவை அதற்கு முன்னால் எடுக்கவே வேண்டாம்.

ஆண்டுக்கு ஆண்டு உச்சிக் கிளைகள் பட்டுப்போகின்றன

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். உச்சி மெலிவது, இலை சிறுப்பது, வழக்கத்தைவிட முன்னதாக இலை கொட்டுவது, அப்புறம் மேலிருந்து கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்வது என்ற வரிசையில் நடந்தால், கோளாறு கிட்டத்தட்ட எப்போதும் வேரில்தான்.

மரத்தடிக்குப் போய் அடிமரம் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். இயல்பான மரத்தில் அடி அகன்று, பக்கவேர்கள் புடைத்து மண்ணுக்குள் இறங்குவது தெரியும். தூண் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் போனால், யாரோ பின்னாளில் மண்ணையோ கட்டட இடிபாட்டையோ கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். மூச்சு விடும் வேர்கள் புதைந்துபோய், மண்ணுக்குள் இருக்கும் பட்டை ஈரத்தில் அழுகும். கையால், சிறு களைக்கொத்தியால், வேர் தெரியும்வரை மெதுவாக மண்ணை விலக்குங்கள். கடப்பாரையும் ஜேசிபியும் வேண்டாம்.

மண்ணை விலக்கும்போது அடிமரத்தைச் சுற்றி வளைத்து இறுக்கும் வேர் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பையிலோ தொட்டியிலோ நெடுநாள் இருந்து நடப்பட்ட மரங்களில் இது அதிகம். பழைய இரும்புக் கூண்டு, கட்டிய கம்பி, விளம்பரத் தட்டியின் ஆணி எல்லாம் இதே வேலையைத் தண்டில் செய்யும். இலை தயாரித்த உணவு பட்டையின் உள்தோல் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, கம்பி அந்த வழியை நெரிக்கிறது. பட்டைக்குள் இன்னும் புதையாத கம்பியை வெட்டி எடுத்துவிடுங்கள். மரம் முழுக்க விழுங்கிவிட்ட கம்பியைத் தோண்டி எடுக்கப் போனால் காயம்தான் பெரிதாகும், அதை விட்டுவிடலாம்.

அடுத்து பள்ளம். குழாய், கேபிள், வடிகால், மதில் என்று அருகில் எப்போதாவது தோண்டினார்களா? தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கிறது. நிழல் விழும் எல்லையையும் தாண்டி அது பரவியிருக்கும். ஆணிவேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே வெட்டினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைதான் பல மரங்களைக் கொன்றிருக்கிறது. வெட்டுப்பட்ட மரம் உடனே சாகாது. சேமித்துவைத்த உணவில் சில ஆண்டுகள் ஓட்டும், பிறகுதான் உச்சி காயும். அதற்குள் பள்ளம் தோண்டியதையே எல்லோரும் மறந்திருப்பார்கள்.

காக்க வேண்டிய இடத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மார்பு உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் குறுக்களவு வரும். அதைப்போல் 12 மடங்கு ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அதற்குள் தோண்டக்கூடாது. சுற்றளவு 190 செ.மீ. என்றால் குறுக்களவு சுமார் 60 செ.மீ., ஆரம் 7 மீட்டருக்குச் சற்று மேல். தெருவோர மரத்துக்கு இவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் தோண்டுபவரிடம் காட்ட ஒரு எண் கையில் இருப்பது நல்லது. தவிர்க்கவே முடியாத குழாய் என்றால், பெரிய வேர்களுக்கு அடியில் கையால் தோண்டி நுழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சரி, கெடுதல் நடந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? அடிமரத்தை நெருக்கும் சிமென்டை உடைத்து முடிந்தவரை வட்டத்தை அகலப்படுத்துங்கள். இறுகிய மண் என்றால் நிழல் விளிம்புப் பக்கமாக, பெரிய வேர்களைத் தவிர்த்து, ஆங்காங்கே துளையிட்டு மக்கிய தொழுவுரம் நிரப்பலாம். அதற்குமேல் காய்ந்த இலைதழையை 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மரமே கொட்டிய இலையைப் பெருக்கி எரித்துவிட்டு, கடையில் உரம் வாங்கிப் போடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. கோடையில் தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிழல் விளிம்பில் நிதானமாக, ஆழமாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். இரசாயன உரத்தை இந்த நிலையில் போடாதீர்கள். பாதி வேர் இல்லாத மரத்தை இலை விடச் சொல்லி விரட்டுவதாகிவிடும். தேறுவதற்கு இரண்டு மூன்று பருவமாவது ஆகும்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை

புது இலையில் இப்படித் தெரிந்தால் இரும்புச்சத்து மரத்துக்குள் போகவில்லை. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பும் சிமென்ட் கழிவும் கலந்த காரமண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. மரத்தடியில் சுவர் இடித்த கழிவு புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை அப்புறப்படுத்தி மக்கிய உரம் சேர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. தண்ணீர் தேங்கினாலும் இதே மஞ்சள் வரும். பழைய இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் வயதுதான் காரணம்.

பட்டையில் மண் பூசியிருக்கிறது

கறையான் என்றதும் டீசலையும் பூச்சிமருந்தையும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மண்பூச்சை ஒரு குச்சியால் சுரண்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பட்டை கெட்டியாக, முழுசாக இருந்தால், கறையான் வெளித்தோலின் செத்த பகுதியை மட்டும் மேய்கிறது. மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டால் போதும். பட்டை பொத்தென்று உள்ளே போய், மரம் தேன்கூடு மாதிரி அரிக்கப்பட்டிருந்தால், அங்கே மரம் ஏற்கெனவே செத்திருக்கிறது. ஏன் செத்தது என்பதைத்தான் தேட வேண்டும். காயம், அழுகல், புதைந்த அடிமரம் என்று காரணம் வேறெங்காவது இருக்கும். டீசல் ஊற்றினால் உயிருள்ள பட்டையும் வேரும் சேர்ந்து கருகும்.

தெலங்கானாவின் மகபூப்நகரில் இருக்கும் பில்லலமர்ரி என்ற பெரிய ஆலமரத்தில் கறையான் அரிப்பு முற்றியபோது, 2018-இல் மருத்துவமனையில் சொட்டு ஏற்றுவதுபோல பாட்டில்களில் மருந்து தொங்கவிட்டார்கள். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அதைப் பார்த்து வீட்டு மரத்துக்கு ஊசி போடப் புறப்பட வேண்டாம். ஒவ்வொரு துளையும் மரத்துக்குப் புதுக் காயம். அது வல்லுநர்கள் கூட இருந்து, வேறு வழியில்லாமல் செய்த சிகிச்சை.

கிளைக் கவட்டையில் பழுப்பு நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது

மரத்தூளும் எச்சமும் பட்டுநூலில் கோத்து, பட்டைமேல் நெளிநெளியாக ஓடும். பட்டை தின்னும் புழுவின் வேலை இது. பகலில் கவட்டையில் குடைந்த துளைக்குள் ஒளிந்திருந்து, இரவில் அந்த நாடாவின் மறைவில் வெளியே வந்து பட்டையைத் தின்னும். நாவலில் அடிக்கடி பார்க்கலாம். நாடாவைத் துடைத்து எடுத்தால் துளை தெரியும். மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் குத்தி, ஈரக் களிமண்ணால் வாயை அடைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் புது நாடா வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் மறுபடி செய்ய வேண்டும்.

அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான்

தரையை ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியதுபோல் செம்பழுப்பாகப் பளபளக்கும், ஓரம் வெளுத்த காளான் என்றால் அது கானோடெர்மா. வேரும் அடிமரமும் உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அடையாளம். காளானைப் பிய்த்துப்போட்டால் நோய் போகாது, பார்க்கும் அடையாளம்தான் போகும். இதற்கு நம்பகமான மருந்து கிடையாது. மேலே இலை பசுமையாக இருக்கும்போதே மரம் விழக்கூடும். ஆட்கள் புழங்கும் இடமென்றால் தெரிந்தவரை அழைத்து எடை குறைப்பதா, எடுத்துவிடுவதா என்று முடிவுசெய்யுங்கள். காய்ந்த கிளையில் மட்டும் வரும் காளானுக்கு இவ்வளவு கலங்க வேண்டாம், அந்தக் கிளையை எடுத்தால் போதும்.

தண்டில் பொந்து

பொந்துள்ள மரம் செத்த மரமல்ல. வெளிச்சுற்றில்தான் உயிருள்ள பாகம் இருக்கிறது. நடுவில் இருப்பது செத்த மரக்கட்டை. அமெரிக்க வன ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் விளக்கிக் காட்டியது இதைத்தான். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துவிட்டுச் சுற்றிப் புது மரம் வளர்க்கிறது. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் அந்தச் சுவர் உடைந்து அழுகல் நல்ல மரத்துக்குப் பரவும். சிமென்ட் வைத்து அடைப்பதும் கூடாது. காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது. நடுவே ஈரம் தங்கி இன்னும் அழுகும்.

பலம் இருக்கிறதா என்று பார்க்க, மரச்சுத்தியலால் சுற்றித் தட்டிக் கேளுங்கள். சுற்றிலும் மீந்திருக்கும் நல்ல சுவர், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பொந்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தால் இதைவிட அதிகம் வேண்டும். மற்றபடி அதை அப்படியே விடுங்கள். கிளிக்கும் ஆந்தைக்கும் வேறு வீடு கிடைப்பது எளிதல்ல.

வேறு மரத்து இலை கொத்தாக முளைத்திருக்கிறது

புல்லுருவி. பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்று, பிசுபிசுத்த விதையைக் கிளையில் தேய்த்துவிடும். ஒட்டிய இடத்தில் மட்டும் பிய்த்தால் உள்ளிருக்கும் உறிஞ்சுவேர் மறுபடி முளைக்கும். கிளையோடு, ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே வெட்டுங்கள். பழுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

இலையில் கொப்புளம், பட்டையில் வெள்ளைத் திட்டு

புங்க இலையில் விரல்விரலாக நிற்பது ஒரு நுண்சிலந்தியால் வருவது. அத்தி இலையின் உருண்டைகளும் ஏழிலைப்பாலையின் கொப்புளங்களும் சிறு பூச்சிகள் கட்டிய வீடு. பட்டையின் வெள்ளை, சாம்பல், பச்சைத் திட்டுகள் பாசிக்காளான். எதுவும் செய்ய வேண்டாம்.

கிளையை எடுத்தே ஆக வேண்டும்

முதலில் கிளையின் அடியில், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கால்பங்கு ஆழத்துக்குக் கீழிருந்து மேலாக அறுங்கள். இரண்டாவதாக அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில், கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்துக்கு வெளியே அறுத்து எடுங்கள். கழுத்தை வெட்டினால் காயம் மூடாது, நீளமாகக் கட்டை விட்டாலும் மூடாது. தார், பெயின்ட், சாணம் எதுவும் பூச வேண்டியதில்லை. உச்சியை மொட்டையடித்தால் அடுத்த பருவத்திலேயே அடர்த்தியாகத் துளிர்க்கும். அதைப் பார்த்து நன்றாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பசியில் அவசரமாக விட்ட அந்தக் கிளைகளுக்குத் தண்டோடு பிடிப்பு குறைவு, சில ஆண்டுகளில் முறிந்து விழும்.

ஆலின் அடிமரம் அழுகுகிறது

ஆலுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. கொல்கத்தா தாவரவியல் பூங்காவின் பேராலில் பூஞ்சை தாக்கிய அடிமரத்தை 1925-இல் வெட்டி எடுத்தார்கள். சென்னை அடையாற்று ஆலின் அடிமரம் 1989-இல் புயற்காற்றில் விழுந்தது. இரண்டும் விழுதுகளின் பலத்தில் இன்றும் வாழ்கின்றன. ஆகவே தொங்கும் விழுதை அழகுக்காகவும் பாதைக்காகவும் கத்தரிப்பதை முதலில் நிறுத்துங்கள். கனமான பக்கக் கிளையிலிருந்து இறங்கும் விழுதுகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கணு உடைத்த நீள மூங்கிலைப் பிளந்து, மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி, விழுதை உள்ளே விட்டுக் கட்டித் தரைவரை நிறுத்துங்கள். உள்ளே எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். நுனி மண்ணைத் தொட்டு வேர் பிடித்ததும் விழுது தடிக்க ஆரம்பிக்கும். அப்போது மூங்கிலைக் கழற்றிவிடலாம். அதுவரை ஆடு மாடு கடிக்காமல் கீழே ஒரு முள்வேலி போட்டு வையுங்கள்.